உரப்பை போட்ட கமரா

மகேசு அக்கா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது நான் மத்தியானச் சோறு சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை. முற்றத்து மண்ணில் கால் வைக்க முடியாத வெயில். வழக்கமாக அவர் படலைக்கு வெளியே நின்று "தம்பி" என்று ஒரு குரல் கொடுப்பார். அன்றைக்குக் கொடுக்கவில்லை. நேராக வந்து என் மோட்டார் சைக்கிள் இருக்கையில் ஒரு பிடி வெங்காயத்தை வைத்தார்.

பிடுங்கிய கையோடு கொண்டுவந்த வெங்காயம். வேரில் மண் ஒட்டியிருந்தது. தாள் நுனியிலிருந்து பாதிவரை மஞ்சள். குமிழ் என் சுண்டுவிரல் நுனியளவுகூட இல்லை.

"இதைப் படம் பிடிச்சுக் கொண்ணைக்கு அனுப்பு" என்றார். கொண்ணை என்றால் உன் அண்ணன். என் அண்ணை கனடாவில் ரொறன்ரோவில் இருக்கிறார்.

"என்னக்கா இது?"

"கடைசி நாலு பாத்தி. ரண்டு கிழமையாத் தண்ணி போகேல்லை. வாளியாலை அள்ளி ஊத்திப் பாத்தன், என்ரை இடுப்புத்தான் முறிஞ்சுது. ஏன் போகேல்லை எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியாதக்கா."

"தெரியாது! போன் வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒண்டும் தெரியாது. போனுக்குத்தான் எல்லாம் தெரியும். விடிஞ்சு எட்டு மணி மட்டும் என்ரை முறை. உன்ரை மோட்டர் ஏழுக்கே எழும்பி ஓடுது. ரண்டு பக்கத்தாலை இழுத்தால் கிணறு என்ன செய்யும்? என்ரை மிசின் காத்தைக் குடிச்சு இருமுது."

நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பங்குக் கிணத்திலை களவெடுக்கிறாய் எண்டு உன்னைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பன். அண்டைக்கும் ஏழுக்கு உன்ரை மோட்டர் ஓடினால் விதானையாரிட்டைத்தான் போவன்."

விதானையார் என்றால் கிராம சேவையாளர், பிள்ளைகளே. அவரிடம் போன கிணற்றுச் சண்டை அங்கே நிற்காது. பொலிசுக்குப் போகும். பிறகு கோட்டுக்குப் போகும்.

ஒரு கிணறு, இரண்டு தோட்டம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான நீர்வேலியில் ஒரு தோட்டக் கிணறு பல பேருக்குப் பங்காக இருப்பது வழக்கம். எங்கள் கிணறு இரண்டு பங்கு. மேற்கே எங்கள் வாழை, கிழக்கே மகேசு அக்காவின் வெங்காயம். செவ்வாயும் வெள்ளியும் இறைப்பு. விடிந்ததிலிருந்து எட்டு மணிவரை அவர் முறை, எட்டிலிருந்து எங்கள் முறை. அவருக்கு எண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின், எங்களுக்குக் கரண்ட் மோட்டர். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. என் அப்பாவும் மகேசு அக்காவின் கணவரும் கிணற்றுக்கட்டில் இருந்து, ஒரு வாய் வெற்றிலை போட்டு முடிவதற்குள் பேசி முடித்தது. இரண்டு பேரும் இப்போது இல்லை. முறை மட்டும் இருக்கிறது.

மற்றக் கிணறுகளில் அரை மணித்தியாலத்துக்காக மண்வெட்டி தூக்கியிருக்கிறார்கள். கூடப்பிறந்தவர்கள் ஒருவர் செத்த வீட்டுக்கு மற்றவர் போகாமல் இருந்திருக்கிறார்கள். எங்கள் கிணற்றில் ஒரு சொல் தடித்தது கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைதான் அன்றைக்கு மஞ்சள் தாளோடு என் மோட்டார் சைக்கிளில் கிடந்தது.

ஏழு மணிக்கு மோட்டர் ஓடினால் எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். நான் விடியவே வாழைக்குலை ஏற்றிக்கொண்டு பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்விடுவேன். திரும்ப ஒன்பதரை ஆகும். முதல்நாள் பின்னேரமே வாய்க்காலை வெட்டி வைத்துவிட்டால் தண்ணீர் தன்பாட்டில் வாழைக்குப் போகும். நான் வரும்போது மண் ஈரமாக இருக்கும். எத்தனை மணிக்கு ஈரமானது என்று மண் சொல்லுமா?

மோட்டரைப் போடுவது யார் என்பதுதான் கதை.

தைப்பொங்கலுக்கு வந்த பெட்டி

முன்பெல்லாம் எட்டு மணிக்கு என் மனைவி வசந்தி அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிப்போய் மோட்டரைப் போடுவாள். இந்த முறை தைப்பொங்கலுக்கு வந்த அண்ணை ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ஒரு சுவிச், ஒரு கமரா.

"இனி வசந்தி ஓட வேண்டாம். நான் அங்கை இருந்து போடுவன்" என்றார்.

"அங்கை இருந்து போட்டால் இஞ்சை எப்பிடி அண்ணை ஓடும்?"

அண்ணை சிரித்தார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கேட்க வெட்கப்படாதவன். அவர் இணையம், சேர்வர் என்று சொன்னதில் பாதி விளங்கவில்லை. ஆனால் அவர் திரும்பிப்போன பிறகு வந்த முதல் இறைப்பு நாளில் சந்தைக்குப் போகாமல் கிணற்றடியில் நின்றேன். சரியாக எட்டு மணிக்கு 'டக்' என்று ஒரு சத்தம். ஒருவரும் தொடாமல் மோட்டர் ஓடத் தொடங்கியது. நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டினேன். கமரா பூட்டிய கம்பம் "எப்பிடித் தம்பி?" என்று கேட்டது.

ஆம், அந்தக் கமரா பேசும். முதற் கிழமை அண்ணை ஒரு இறைப்பையும் தவறவிடவில்லை. "மூலை வாழைக்குத் தண்ணி போகேல்லை" என்றது கம்பம். "உந்த நாயைக் கலை" என்றது. வரம்பில் குந்தியிருந்து ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்தால் "என்ன, இருந்திட்டாய்?" என்றது. இருபது வருடமாகத் தூரத்தில் இருந்த அண்ணை ஒரு கம்பத்தில் ஏறித் திரும்பவும் எனக்கு மூத்தவர் ஆனார்.

இரண்டாம் கிழமை அவருக்கு அலுத்துவிட்டது. நாளையும் நேரத்தையும் ஒருதரம் பதிந்துவிட்டால் மோட்டர் தானாகவே ஓடும், பார்க்கத் தேவையில்லை என்றார். நானும் நிம்மதியாகச் சந்தைக்குப் போனேன். புதுச் சாமான் வந்தால் முதல் நாள் வீடு முழுக்கச் சுற்றிநின்று பார்க்கும். பத்தாம் நாள் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஆளும் இருக்காது. எங்கள் வீட்டில் மிக்சியிலிருந்து போன் வரை எல்லாம் இப்படித்தான்.

மகேசு அக்காவுக்கும் கமராவுக்கும் முதல் நாளே சரிவரவில்லை. அவர் கிணற்றடியில் கால்முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கம்பம் இருமியிருக்கிறது.

"ஆரடா அது?" மண்வெட்டியோடு கம்பத்தைச் சுற்றி வந்திருக்கிறார். நான் போய் விளங்கப்படுத்தினேன்.

"அப்ப நான் முகம் கழுவுறதைக் கனடாவிலை இருந்து பாக்கினமோ?"

"அண்ணை மட்டும்தான் அக்கா."

"கொண்ணை எண்டாப்போலை?"

அடுத்த இறைப்புக்கு வரும்போது அவர் ஒரு வெறும் உரப்பை கொண்டுவந்தார். கமராவின் தலையில் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினார். தன் முறை முடிய அவிழ்த்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து அதுவும் ஒரு முறையாகிவிட்டது. "உந்த மனிசிக்கு இந்தக் காலம் விளங்காது" என்று அண்ணை குறைப்பட்டார். நான் அண்ணைக்கு "ஓம்" போட்டேன். மனதுக்குள் அக்காவின் பக்கம் நின்றேன். முகம் கழுவுகிறவருக்கு ஒரு மறைப்பு வேண்டும்தானே.

"அங்கை இப்ப என்ன நேரம்?"

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். ஒரு மணிக்கூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் இளந்தாரியாக இருந்த காலத்தில் வெளிநாட்டுக் கோல் எங்கள் வீட்டுக்கு வராது. உரும்பிராய்ச் சந்தியில் இருந்த தொலைபேசிக் கடைக்கு வரும். கடைக்காரர் ஆளனுப்பிச் சொல்லுவார். நாங்கள் தலை இழுத்து வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போவோம். குரல் மட்டும்தான் போகும் என்று தெரிந்தும் நல்ல சட்டை. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று கத்துவோம். முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அங்கை இப்ப என்ன நேரம்?" ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு ஏறும். இருந்தாலும் அதைக் கேட்காமல் கதை தொடங்காது.

கலியாணம் முடித்து வந்த வசந்தி சுவரில் இரண்டாவது மணிக்கூடு ஒன்று மாட்டினாள். கீழே 'கனடா' என்று எழுதி ஒட்டினாள். அண்ணை நித்திரையா, வேலையா என்று அதைப் பார்த்துத்தான் கோல் எடுப்போம்.

பிறகு இந்தத் தட்டைப் போன் வந்தது. ஆள் விழித்திருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. நேரம் கேட்கத் தேவையில்லை. கனடா மணிக்கூட்டின் பற்றறி ஒழுகி, அது நின்று, அலுமாரிக்கு மேலே போனது. அதை நினைவில் வைத்திருங்கள், பிள்ளைகளே. திரும்ப வரும்.

போன் வந்த பிறகு கதை கூடியது என்கிறார்கள். எங்கள் குடும்பக் குழுவில் நாற்பது பேர். விடிய எழும்பினால் நாற்பது பூங்கொத்து. எங்கள் வேலிச் செவ்வரத்தையைவிடப் போனில்தான் அதிகம் பூக்கிறது. ஒரு நாள் நான் பதில் பூ அனுப்ப மறந்தேன். கோபமா என்று இலண்டனில் இருந்து கேட்டார்கள்.

கைகூப்பிய பதினொரு பேர்

அந்தச் செவ்வாய் பின்னேரம் அண்ணைக்குக் கோல் எடுத்தேன். அவர் தன் போன் திரையைப் படம் பிடித்து அனுப்பினார்.

"பார், நான் ஒண்டும் மாத்தேல்லை. இரவு ஒன்பதரை எண்டு பதிஞ்சன், ஒன்பதரை எண்டுதான் கிடக்கு. இஞ்சை ஒன்பதரை எண்டால் உங்கை விடிய எட்டு. மிசின் பொய் சொல்லாது தம்பி. மனிசி மணிக்கூட்டைப் பாத்தோ சொல்லுறா?"

அடுத்து நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. புதன்கிழமை விடிய அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் வேலியடிக்குப் போனேன்.

"அக்கா, போனிலை சரியாத்தான் கிடக்கு. உங்கடை மணிக்கூடு பிழையாக்கும்."

அவர் திரையைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "ஒன்பதரை எண்டெல்லோ கிடக்கு?"

"அது கனடா ஒன்பதரை. இஞ்சை எட்டு."

"எங்கடை கிணறு எப்ப தொடக்கம் கனடா நேரம் பாக்குது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என்ரை வீட்டிலை மணிக்கூடு இல்லைத் தம்பி. பள்ளிக்கூட மணி ஏழரைக்கு அடிக்கும். அது அடிக்க முதலே உன்ரை மோட்டர் ஓடுது. பள்ளிக்கூடமும் பிழையெண்டு சொல்லன்."

போனைத் திருப்பித் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அதைச் சட்டைப்பையில் வைத்தேன். சூடாக இருந்தது.

வீட்டுக்கு வந்து குடும்பக் குழுவில் எழுதினேன்: 'கிணற்று மோட்டர் ஒரு மணித்தியாலம் முந்தி ஓடுகிறது என்கிறார்கள். காரணம் தெரிந்தவர்கள் அறியத் தரவும்.' பதினொரு பேர் கைகூப்பினார்கள். நாலு பேர் பெருவிரல் காட்டினார்கள். இலண்டனில் ஒருவர் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்றார். கிணறு என்றதும் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். ஜேர்மனி மாமி கண்ணூறு பட்டிருக்கு என்றார். சுவிசில் இருக்கும் மருமகன் ஆளில்லாமல் அசையும் கதிரையின் வீடியோ ஒன்று அனுப்பினான். அதற்குள் யாருக்கோ பிறந்தநாள் வந்து எல்லோரும் கேக் பக்கம் போய்விட்டார்கள்.

நாற்பது பேரில் ஒருவர்கூட நான் கேட்டதைக் கேட்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், வேலியடியில் அக்கா சொன்னதை நானும் கேட்கவில்லைத்தானே.

வெள்ளைப் படத்தின் சத்தம்

அன்று பின்னேரம் என் மகள் ஆரணி வந்து பக்கத்தில் இருந்தாள். எட்டாம் வகுப்பு.

"அப்பா, கமரா எல்லாத்தையும் பதிஞ்சு வச்சிருக்கும். நேற்றுப் பதிஞ்சதைப் பாப்பம்."

"அதிலை என்னம்மா தெரியும்? அந்த நேரம் அக்காவின்ரை உரப்பைதான் தெரியும்."

"பாக்க வேண்டாம். கேப்பம்."

எனக்கு அது தோன்றவே இல்லை. கமரா என்றால் கண் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரை முழுக்க வெள்ளை. உரப்பையின் எழுத்துகள் மறுபக்கமாகத் தெரிந்தன. உள்ளேயிருந்து சத்தம் வந்தது. செண்பகப் பறவை ஒன்று கத்தியது. அக்காவின் மிசின் 'டக டக' என்று ஓடியது. பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றும் மண்வெட்டி மண்ணில் இறங்கியது. கொஞ்ச நேரம் அவ்வளவுதான். பிறகு 'டக்'. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் மோட்டர். இரண்டும் சேர்ந்து ஓடின. அக்காவின் மிசின் இழுத்தது, திணறியது, இருமியது.

அதற்குப் பிறகு தூரத்தில் மணி அடித்தது.

"அப்பா! எங்கடை பள்ளிக்கூட மணி! மோட்டர் முதல், மணி பிறகு!"

அக்கா தன் மிசினை நிறுத்தினார். எங்கள் மோட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காலடி கம்பத்துக்குக் கிட்ட வந்தது. ஒருவரும் கேட்கவில்லை என்று நினைத்துப் பேசுகிற குரல்.

"என்ன தம்பி, நீயுமோ."

அவ்வளவுதான். அதில் கோபம் இல்லை. கோபம் என்றால் தாங்கியிருப்பேன். ஆரணி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை அணைத்தாள்.

குசினிக்குள் பிட்டுக்குக் குழைத்துக்கொண்டிருந்த வசந்தி, மாக் கையோடு வாசலில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"இஞ்சேருங்கோ, இப்ப பங்குனி எல்லோ?"

"ஓம்."

"பங்குனியிலை அங்கை மணியைத் திருப்புறவை எல்லோ?"

முக்காலியைப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்து கனடா மணிக்கூட்டை எடுத்தாள். தூசியில் அவள் விரல்கள் பதிந்தன.

"ஒவ்வொரு வருசமும் அண்ணை கோல் எடுத்து, 'வசந்தி, இஞ்சை நேரம் மாத்தியாச்சு, ஒரு மணித்தியாலம் தள்ளிவை' எண்டு சொல்லுவார். நானும் ஏறித் தள்ளிவைப்பன். இது நிண்ட பிறகு அவரும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை."

அங்கே குளிர் விட்டு வெயில் காலம் வரும்போது நாடே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளும், பிள்ளைகளே. மாரி வரும்போது திருப்பிப் பின்னுக்கு வைக்கும். தையில் அங்கே இரவு ஒன்பதரை என்றால் இங்கே விடிய எட்டு. பங்குனியில் தள்ளிய பிறகு அதே ஒன்பதரை இங்கே ஏழு. எங்கள் சுவிச் அண்ணையின் ஒன்பதரைக்குக் கட்டுப்பட்டது. அது ஒரு பொய்யும் சொல்லவில்லை. நீர்வேலியில் இருந்துகொண்டு ரொறன்ரோ மணிக்கூட்டைப் பார்த்து ஓடியது. அக்கா வேலியடியில் கேட்டது இதைத்தான்.

உடனே அண்ணைக்குக் கோல் எடுத்துச் சொன்னேன்.

"என்ரை போன் தானா மாத்திப்போட்டுது" என்றார். "நான் கவனிக்கேல்லைத் தம்பி."

"பெரியப்பா, அந்தச் சுவிச்சுக்கு அது இலங்கையிலை இருக்குது எண்டு சொல்லுங்கோ" என்றாள் ஆரணி. எங்கே அமத்துவது என்று சொல்லிக் கொடுத்தாள். இரண்டு அமத்தில் வேலை முடிந்தது.

உரப்பைக்குள் இருந்து ஒரு குரல்

வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகாமல் கிணற்றடிக்குப் போனேன். அக்கா வந்தார், கமராவுக்கு உரப்பையைப் போட்டார், மிசினை இழுத்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திக்குத் தண்ணீர் மாற்றினார். ஏழு மணி தாண்டியது. எங்கள் மோட்டர் சும்மா கிடந்தது. பள்ளிக்கூட மணி அடித்தது. அப்போதும் சும்மா கிடந்தது.

அக்கா மண்வெட்டியை ஊன்றி நின்றார். "கண்டுபிடிச்சியோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். மணி திருப்புகிற கதையைக் கேட்டதும் அவருக்கு வாய் கோணியது. "ஒரு நாடு முழுக்க மணிக்கூட்டைத் தள்ளுதோ? அங்கை ஒருத்தருக்கும் வேலையில்லையோ?"

"நீங்கள் சொன்னதை விட்டிட்டுப் போனை நம்பிப்போட்டன் அக்கா. மன்னியுங்கோ. இண்டைக்கு எங்கடை முறையும் நீங்கள் இறையுங்கோ. வாற செவ்வாயும்."

"இறைப்பன். ஏன் விடுவன்?"

அப்போது உரப்பைக்குள் இருந்து அண்ணையின் குரல் வந்தது. "மகேசு அக்கா... நான் சிவம்."

"சாக்குக்குள்ளை இருந்து ஆரடா கதைக்கிறது?"

"நான்தான் அக்கா. பிழை என்ரை."

"பிழையெண்டு சொன்னால் தாள் பச்சையாகுமோ?"

உரப்பை, "என்ன செய்யோணும் எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றது.

அக்கா யோசித்தார். அவர் யோசிக்கும்போது மண்வெட்டிப் பிடியில் விரலால் தட்டுவார்.

"வேலை முடிஞ்சு வந்தால் படுக்குமட்டும் போனைத்தானே பாத்துக்கொண்டு கிடப்பாய்?"

"...ஓம்."

"அந்த நேரம் எங்களுக்கு இஞ்சை விடியிற நேரம். கட்டாக்காலி மாடு வெங்காயத்துக்கை இறங்குறதும் அப்பதான். வெங்காயம் கிண்டுமட்டும் என்ரை தோட்டத்தைப் பார். மாட்டைக் கண்டால் கத்து."

கயிற்றை அவிழ்த்து உரப்பையைத் தானே எடுத்தார். என்னைப் பார்த்து, "கிணத்தடி தெரியாமக் கிழக்கை திருப்பு" என்றார். நான் ஏணி வைத்து ஏறித் திருப்பினேன்.

அன்றிலிருந்து ரொறன்ரோவில் இருந்து ஒருவர் நீர்வேலியில் மாடு கலைத்தார். விடியும் நேரம் கம்பம் "ஏய்! ஏய்! போ!" என்று கத்தும். முதல் நாள் மாடு நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்து அசைபோட்டது. இரண்டாம் நாள் ஓடியது. ஒருநாள் மங்கல் வெளிச்சத்தில் குனிந்து புல்லுப் பிடுங்கிய அக்காவையே கலைத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நாளில் அவர் மாட்டை விட்டுப் பயிரையும் பார்க்கத் தொடங்கினார். "மூண்டாம் பாத்தி இண்டைக்குப் பச்சை கூட, அக்கா" என்பார். "எனக்குத் தெரியாதோ?" என்பார் அக்கா. ஆனால் எழும்பிப்போய்ப் பார்ப்பார்.

நாலு பாத்தியில் இரண்டுதான் தப்பியது. மற்ற இரண்டும் போனது போனதுதான். அக்கா அதைத் திரும்பச் சொல்லிக் காட்டவில்லை. வசந்தி கனடா மணிக்கூட்டுக்குப் புதுப் பற்றறி போட்டுச் சுவரில் மாட்டினாள்.

வெங்காயம் கிண்டியபோது அக்கா எங்களுக்கு ஒரு பிடி கொண்டுவந்தார். வாழைநாரால் கட்டிய இன்னொரு பிடியும் கையில் இருந்தது.

"இது கொண்ணைக்கு."

"அதை எப்பிடியக்கா அனுப்புறது?"

"ஏன் அனுப்புறது?" என்றார். போய்க் கம்பத்தில், கமராவுக்கு நேர் முன்னால் தொங்கவிட்டார்.

அன்று பின்னேரம் அண்ணை கோல் எடுத்தார். அங்கே விடிந்து வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம்.

"தம்பி, கமராவிலை என்ன கோளாறு? வெங்காயத்தைத் தவிர ஒண்டும் தெரியேல்லை."

"அது மகேசு அக்கா உங்களுக்குத் தந்தது அண்ணை. எடுத்துவிடட்டோ?"

"வேண்டாம்" என்றார். "கிடக்கட்டும். வடிவாத் தெரியுது."